சந்தனம் வைத்த பூட்டு

எங்கள் சனத்தில் தாய்மாமனுக்கு ரெண்டே வேலைதான். சீர் கொண்டுவர வேண்டும், மடியைக் கொடுக்க வேண்டும். பிள்ளைக்கு முடியிறக்குவது தாய்மாமன் மடியில், காது குத்துவது தாய்மாமன் மடியில். பிள்ளை கத்தும், மாமன் இறுக்கிப் பிடித்துக்கொள்வான், படம் எடுப்பார்கள். அவ்வளவுதான் உத்தியோகம். படிப்பு வேண்டாம், சாமர்த்தியம் வேண்டாம். நாற்பது வயதாகியும் கல்யாணம் ஆகாமல் பினாங்கில் கெலுகோரில் ஒரு வாடகை அறையில் கிடக்கிற எனக்கும் ஒரு பதவி வந்ததே என்று, தங்கைக்குப் பெண் பிறந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் பிள்ளையின் இதயத்தில் ஓட்டை என்றார்கள். தானாக மூடிக்கொள்ளும், பார்க்கலாம் என்றார்கள். பார்த்தோம். மூடவில்லை. பால் குடிக்கும்போதே பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டும், நாலு வாய் குடித்துவிட்டுத் தூங்கிப்போகும். ஐந்தாம் மாதம் கோலாலம்பூர் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ரெண்டு மணிக்குள் வார்டில் சேர்க்க வேண்டும், செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். வராவிட்டால் அந்த இடம் அடுத்த பிள்ளைக்கு. பிறகு எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

தங்கையின் வீட்டுக்காரருக்கு நடுக்கடலில் எண்ணெய் மேடையில் வேலை. நினைத்த நேரத்தில் இறங்கி வர முடியாது. திங்கட்கிழமை சாயங்காலம்தான் கேஎல், அதுதான் கோலாலம்பூர், வந்து சேர்வார். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. ஆகவே பினாங்கிலிருந்து கேஎல் வரை பிள்ளையை ரெண்டு மணிக்குள் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. வாழ்க்கையில் யாரும் என்னை நம்பி இத்தனை பெரிய வேலையைக் கொடுத்ததில்லை.

கடிதம் வந்த மறுநாள் அந்த வார்டிலிருந்து ஒரு தாதி தங்கைக்கு ஃபோன் பண்ணினாள். காரில்தானே வருகிறீர்கள், பிள்ளைக்குத் தனி சீட் இருக்கிறதா, மடியில் வைத்துக்கொண்டு வரவே கூடாது என்று கண்டித்துச் சொன்னாள். "இருக்கு, இருக்கு" என்று தங்கை கூசாமல் புளுகிவிட்டு ஃபோனை வைத்தாள். வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்னா பாக்குற? நான் வாங்கறேன்லா," என்றேன்.

தொட்டில் போடுகிற நாளில் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்ததால் நான் முறையாகச் சீர் செய்யவில்லை. அந்தக் குறை எனக்கு உள்ளுக்குள் இருந்துகொண்டே இருந்தது. சரி, வளையல் வேண்டாம், சங்கிலி வேண்டாம், இதுவே சீராக இருக்கட்டும் என்று முடிவு பண்ணினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டத்தோ கிராமாட்டில் இருக்கிற தங்கை வீட்டுக்கு வாழைப்பழம், வெற்றிலை, பூ, பிள்ளைக்கு ஒரு சட்டை, அப்புறம் அந்த சீட் என்று போய் இறங்கினேன். தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்க வேண்டும் அல்லவா? எந்தத் தாம்பாளத்திலும் அது உட்காரவில்லை. கடைசியில் மூன்று தாம்பாளங்களைத் தரையில் நெருக்கி வைத்து, மேலே சீட்டை ஏற்றினோம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குத் தயாரானதுபோல் அது உட்கார்ந்திருந்தது. தங்கைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மாதக்கணக்கில் நான் பார்க்காத சிரிப்பு.

அதோடு விட்டிருக்கலாம். விட்டேனா? பொட்டு வைத்தேன்.

எதற்குத்தான் நாம் பொட்டு வைக்காமல் விட்டிருக்கிறோம்? மோட்டார் சைக்கிளுக்கு வைத்தோம், வாஷிங் மெஷினுக்கு வைத்தோம், எங்கள் அப்பா ரைஸ் குக்கருக்கே வைத்தார். நான் பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் இருபது வருடமாக மெஷின் டெக்னீஷியன். முடியைவிட மெல்லிசான தங்கக் கம்பியைச் சிப்பில் ஒட்டுகிற மெஷின்கள். ஆயுத பூஜைக்கு எங்கள் லைனில் பொட்டு வைப்பது நான்தான். "சென்சர் மேல வைக்காதேலா, கதவு இடுக்குல வைக்காதே, வெளிக் கவர்ல மட்டும் வை" என்று மற்றவர்களிடம் கத்துகிற ஆளும் சாட்சாத் நான்தான். ஊருக்கு உபதேசம்!

சீட்டுக்கு நெற்றி எங்கே என்று பார்த்தேன். நடுவில், பிள்ளையின் காலுக்கு இடையில் வருகிற பூட்டில், சிவப்பாக ஒரு பொத்தான் இருந்தது. பார்க்க லட்சணமாக இருந்தது. அதன் மேல் கட்டைவிரலால் தாராளமாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். பன்னீர் கொஞ்சம் கூடிப்போய்ச் சந்தனம் தண்ணியாக இருந்தது. வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. தங்கை கையெடுத்துக் கும்பிட்டாள். தூசு படாமல் இருக்க மேலே ஒரு வேட்டியைப் போர்த்தி, அறை மூலையில் வைத்தோம். பதினைந்து நாள் அப்படியே இருந்தது.

கிளம்புவதற்கு முதல்நாள் சனிக்கிழமை மத்தியானம் சீட்டைத் தூக்கிக்கொண்டு கார் நிறுத்துகிற இடத்துக்கு இறங்கினேன். என் காடி பழசு. புதுக் கார்களில் சீட்டை மாட்டுவதற்கென்று உள்ளேயே இரும்பு வளையம் இருக்குமாம், இதில் கிடையாது. காரின் பெல்ட்டையே சீட்டுக்குள் கோத்து இறுக்க வேண்டும். பிள்ளை பின்பக்கம் பார்த்து உட்கார்கிற மாதிரி. புத்தகத்தில் படம் போட்டிருந்தது. படத்தில் ஒரு வெள்ளைக்காரி ஒற்றைக் கையால் இழுக்கிறாள், சிரிக்கிறாள்.

நான் இழுத்தேன். சீட் ஆடியது. கழற்றினேன், மறுபடி கோத்தேன், இழுத்தேன். ஆடியது. பெல்ட் முறுக்கிக்கொண்டது. கதவில் தலையை இடித்துக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் சட்டை பிழிகிற மாதிரி ஆகிவிட்டது. "சனியனே, ஒனக்கு என்னாதான் வேணும்?" என்று சீட்டிடம் கேட்டேன். வேலையில் எனக்கு ஒரு மெஷின் அடங்கவில்லை என்றால் கோபம்தான் வரும். இது கோபம் மட்டும் இல்லை. ஒவ்வொரு தடவை ஆட்டிப் பார்க்கும்போதும் சீட் என் கையோடு வந்தது. வரும்போதெல்லாம் உள்ளே பிள்ளை இருப்பதாகத் தோன்றியது.

அடுக்குமாடிக்குக் கீழே ஒரு சாப்பாட்டுக்கடை. நடத்துகிறவர் தமிழ் முஸ்லிம், நான் அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன். நூறு கிலோவுக்குக் குறையாத உடம்பு. கல்லாவில் இருந்து ரொம்ப நேரமாக என்னை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர் பொறுக்க முடியாமல் எழுந்து வந்தார்.

"என்னா தம்பி, பிள்ளை சீட்டா, ராக்கெட்டா?"

"ஆடுது நானா."

"எனக்கு அஞ்சு பிள்ளை. அஞ்சையும் மோட்டார் சைக்கிள்ல வச்சுத்தான் வளர்த்தேன். பாதுகாப்பு மேலே இருக்கறவன் கையில," என்றார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். மேலே தூங்குகிற பிள்ளை யார், நாளைக்கு எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியும். "நவுரு," என்றார்.

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறி, பிள்ளை சீட்டின் மேல் முட்டியை ஊன்றி, மொத்த உடம்பையும் இறக்கினார். கார் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "இப்ப இழு!" இழுத்தேன். ஒரு சாண் பெல்ட் வந்தது. இத்தனை நேரம் எங்கே ஒளிந்திருந்ததோ தெரியவில்லை. "இன்னும் இழு, நான் சாகமாட்டேன்!" இன்னும் இழுத்தேன். அவர் இறங்கினார். நான் ஆட்டிப் பார்த்தேன். சீட் அசையவில்லை. காரே ஆடியது, சீட் ஆடவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நானா பார்க்காத மாதிரி கடைக்குள் போய்விட்டார்.

பிள்ளையைக் கட்டுகிற வாரையும் பூட்டையும் நான் அன்று போட்டே பார்க்கவில்லை. பூட்டு என்றால் பூட்டும் என்று இருந்துவிட்டேன். இருபது வருட டெக்னீஷியன்!

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கிளம்புவது திட்டம். சாமி கும்பிட்டாயிற்று. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. தங்கை பிள்ளையைக் கொண்டுவந்து சீட்டில் படுக்கவைத்தாள். பிள்ளை கொட்டாவி விட்டது. தோளுக்கு ரெண்டு பக்கமும் வாரைப் போட்டு, வாரின் முனையில் இருக்கிற ரெண்டு நாக்கையும் சேர்த்துப் பூட்டுக்குள் அழுத்தினேன். 'க்ளிக்' என்று சத்தம் வர வேண்டும். வரவில்லை. அழுத்தினேன். உள்ளே போனது, வெளியே வந்தது. சிவப்புப் பொத்தான் பாதி அமுங்கி அப்படியே நின்றது. அதன் விளிம்பெல்லாம் மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது.

சந்தனம். நான் வைத்த சந்தனம். பூட்டுக்குள் வழிந்து, பதினைந்து நாள் காய்ந்து, உள்ளே கல்லாகப் பிடித்திருக்கிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததாகச் சொல்வார்கள். நான் பிள்ளைக்குப் பிடித்ததே இப்படி முடிந்தது.

ஊசியால் குத்தினேன். ஊதினேன். பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்தேன். சாமி தட்டில் இருந்த நல்லெண்ணெயை எடுக்கக் கை போனது, அதையும் ஊற்றிக் கெடுத்துவிடாதே என்று நானே என்னைத் திட்டிக்கொண்டேன். மணி ஏழரை. ஏழே முக்கால். தங்கை பிள்ளையைத் திரும்பத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். அவள் ஏதாவது கேட்டிருந்தாலாவது திருப்பிக் கத்தியிருப்பேன்.

கடைசியில் மெதுவாகச் சொன்னாள். "அண்ணே, நான் மடியில வச்சுக்கறேன். போலாம். நேரமாச்சு."

சரி என்று சொல்ல வாய் திறந்தேன். உண்மையைச் சொல்கிறேன், சரி என்று சொல்லத்தான் திறந்தேன். நம் ஊரில் யார்தான் மடியில் வைத்துக் கூட்டிப்போகவில்லை? மடிதானே பிள்ளைக்கு இடம்? ஆனால் முப்பது வருடத்துக்கு முன்னால் எங்கள் அப்பா பிரேக் அடித்தபோது, அம்மா மடியில் இருந்த இவள் பறந்துபோய் டேஷ்போர்டில் மோதியதை நான் பின்சீட்டிலிருந்து பார்த்தேன். இவள் புருவத்தில் இன்றைக்கும் அந்தத் தழும்பு இருக்கிறது. அவளுக்கு அது நினைவில்லை. எனக்கு இருக்கிறது. அம்மா இவளைக் கெட்டியாகத்தான் பிடித்திருந்தாள்.

"அஞ்சு நிமிஷம் குடு," என்றேன். அஞ்சு நிமிஷத்தில் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

நானா வந்து எட்டிப் பார்த்தார். மஞ்சளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பொட்டு வச்சீங்களா?" என்றார். தலையாட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "எங்க ரொட்டி மாவு மெஷின் சுவிட்சில மாவு பிடிச்சா சுடுதண்ணிலதான் போடுவோம். கழட்டிக் கொண்டா."

கழற்ற வேண்டும் என்றால் பூட்டு வாரின் அடிமுனையைச் சீட்டுக்குக் கீழேயிருந்துதான் எடுக்க முடியும். கீழே கைவிட வேண்டும் என்றால் சீட்டையே எடுக்க வேண்டும். நேற்று மத்தியானம் முழுவதும் போராடி, நூறு கிலோவை ஏற்றி இறக்கி மாட்டிய சீட். பெல்ட்டை நானே அவிழ்த்தேன். அவிழ்க்கும்போது அழுகை வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சத்தமாகவே வந்தது.

தேத்தண்ணி ஆற்றுகிற இடத்தில் ஒரு பெரிய மக்கில் சுடுதண்ணியைப் பிடித்து வைத்திருந்தார் நானா. சீட்டையும் தூக்கிவந்து பக்கத்தில் வைத்து, பூட்டை அதற்குள் முக்கினேன். முக்கியபடியே நாக்கைச் சொருகினேன், பொத்தானை அழுத்தினேன், சொருகினேன், அழுத்தினேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு தண்ணியில் மஞ்சள் மெல்லப் பிரிந்து வந்தது. கடை முழுக்கச் சந்தன வாசனை. ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானா மக்கை மாற்றினார். ரெண்டாவது மக். மூன்றாவது. தண்ணி வெளுக்க வெளுக்க என் விரல் சிவந்துபோனது. நாலாவது மக்கில் 'க்ளிக்' என்றது.

அந்தச் சத்தத்தைப்போல் ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. திறந்தேன், பூட்டினேன். க்ளிக். திறந்தேன், பூட்டினேன். க்ளிக். "போதும் தம்பி, தேஞ்சுடும்," என்றார் நானா. பூட்டைச் சீட்டில் திரும்பக் கோத்தேன், அவர் மறுபடி முட்டியை ஊன்றினார், மறுபடி இழுத்தேன். எட்டே முக்காலுக்குக் கார் பினாங்குப் பாலத்தில் ஏறியது. தங்கை பின்னால் பிள்ளைக்குப் பக்கத்தில். பிள்ளை பூட்டி இருந்தது. நான் பூட்டினேன், நானே கேட்டேன்.

பிள்ளை பின்பக்கம் பார்த்து இருப்பதால் கண்ணாடியில் எனக்கு சீட்டின் முதுகு மட்டும்தான் தெரியும். தங்கையின் முகம் தெரியும். பிள்ளை எப்படி இருக்கிறது என்று அவள் முகத்தைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும். அழுதால் கை நீட்டித் தொட முடியாது. தைப்பிங் தாண்டியதும் ஒரு அழுகை, பிறகு அமைதி. "தூங்கறாளா?" "தூங்கறா." தொண்ணூறில் போனேன். லாரி எல்லாம் என்னை முந்திப்போனது. போகட்டும்.

தாப்பாவில் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நிறுத்தினேன். பால் கொடுக்க வேண்டும். பின்கதவைத் திறந்து, பூட்டைக் கழற்றக் குனிந்தேன். பிள்ளை மேல் தங்கை ஒரு துண்டைப் போட்டிருந்தாள். துண்டை எடுத்தேன். பூட்டு திறந்து கிடந்தது. வார் ரெண்டும் பிள்ளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தொங்கின. நடுவில் தங்கையின் கை, பிள்ளையின் நெஞ்சின் மேல் விரித்து வைத்த கை. அதுதான் இத்தனை தூரமும் பெல்ட்.

"எப்ப தொறந்த?"

"பாலத்துல."

"ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? காலைல நான் எவ்வளவு பாடுபட்டேன்னு பாத்தியா இல்லியா? நான் பிரேக் அடிச்சிருந்தா? எவனாவது பின்னால வந்து இடிச்சிருந்தா?" கத்தினேன். மேசைகளில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் கத்தினேன்.

அவள் கத்தவில்லை. கையையும் எடுக்கவில்லை. "நாளன்னிக்கு அவங்க கத்தி வச்சுத் தொறக்கப்போற நெஞ்சு அண்ணே இது. இதுமேல போட்டு இறுக்கச் சொல்றியா? என்னால முடியல. நீ என்னா வேணா திட்டு. என்னால முடியல."

அவள் கையின் கீழ் பிள்ளையின் நெஞ்சு வேக வேகமாக ஏறி இறங்கியது. சட்டைக்கு மேலேயே தெரிந்தது. பூட்டு எப்படி வேலை செய்யும் என்று என்னால் சொல்ல முடியும். இதற்கு என்ன சொல்வது? கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மணி பதினொன்றரை தாண்டிவிட்டது.

"எனக்கு முன்னால போறவன் எப்ப பிரேக் அடிப்பான்னு எனக்குத் தெரியாதுலா," என்றேன் கடைசியில். "ஒன் கை நிக்காது. என் கையும் நிக்காது. அம்மா கையே நிக்கல." அவள் புருவத்தைத் தொட்டுக் காட்டினேன். அந்தக் கதை அவளுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்குத்தான் முதல்முறை கேட்கிற மாதிரி கேட்டாள்.

பால் கொடுத்து முடித்ததும் பிள்ளையைச் சீட்டில் வைத்தாள். "நீயே போடு. நான் பாக்கமாட்டேன்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பூட்டினேன். க்ளிக் என்றது, அவள் தோள் ஒருமுறை தூக்கிப்போட்டது. வாரை இறுக்கினேனா? இல்லை. தோளுக்கு மேல் வாரைக் கிள்ளிப் பார்த்தால் விரலில் சிக்கக் கூடாது என்று புத்தகத்தில் இருந்தது, அவளுக்கும் அதைப் படித்துக் காட்டியிருந்தேன். கிள்ளிப் பார்த்தேன், தாராளமாகச் சிக்கியது. அதற்கு மேல் இழுக்க எனக்கும் கை வரவில்லை. அவளைத் திட்டியவன் பாதி இறுக்கத்தோடுதான் பிள்ளையை கேஎல் வரை ஓட்டிக்கொண்டுபோனேன். ஒன்று நாற்பதுக்கு வார்டில் சேர்த்தோம்.

ஆஸ்பத்திரியில் தாய்மாமனுக்கு ஒரு வேலையும் கிடையாது. கையெழுத்துப் போடப் பிள்ளையின் அப்பா வந்துவிட்டார். பால் எடுத்துக் கொடுக்க அம்மா இருக்கிறாள். செவ்வாய்க்கிழமை காலை பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது. நான் கார் நிறுத்துகிற இடத்துக்குப் போய் சீட்டை ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. திரும்பி வந்தேன். அரைமணி நேரம் உட்கார்ந்தேன். மறுபடி போனேன், ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. அன்று அப்படி எத்தனை தடவை போனேனோ தெரியாது, காவலாளி என் மேல் சந்தேகப்பட்டு வந்து விசாரித்தார். என்ன சொல்ல? "சீட் கெட்டியா இருக்கான்னு பாக்கறேன்" என்றேன். உள்ளே என் பிள்ளையின் நெஞ்சு திறந்து கிடக்கிறது, எனக்குக் கெட்டிப்படுத்த முடிந்தது இது ஒன்றுதான் என்றா சொல்ல முடியும்?

சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, ஓட்டையை அடைத்தாயிற்று என்றார். தங்கை தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் யாரையோ கட்டிப்பிடித்தேன். பிறகுதான் அது மச்சான் என்று பார்த்தேன்.

மூன்றாவது வாரம் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மச்சான் அதற்குள் வேலைக்குத் திரும்பிவிட்டார். மறுபடி நாங்கள் மூன்று பேர்தான். பிள்ளையைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது, கழுத்துக்கும் இடுப்புக்கும் அடியில் ரெண்டு கையையும் விட்டு அள்ளி எடுக்க வேண்டும் என்று தாதி காட்டிக்கொடுத்தாள். சீட்டில் வழக்கம்போல் கட்டலாம், புண்ணுக்கு ஒன்றும் ஆகாது, ஒழுங்காக இறுக்கிப் போடுங்கள் என்று ரெண்டு தடவை சொன்னாள்.

கார் நிறுத்துகிற இடத்தில் பிள்ளையை அள்ளி சீட்டில் வைத்தேன். சட்டையின் மேல் பித்தான் திறந்திருந்தது. தொண்டைக்குழிக்குக் கீழே தொடங்கி நெஞ்சு நடுவே நேராக இறங்குகிற பிளாஸ்திரியின் மேல்முனை தெரிந்தது. வாரைப் போட்டேன். நாக்கு ரெண்டையும் சேர்த்தேன். பூட்டினேன். க்ளிக். உள் விளிம்பில் எங்கேயோ இன்னும் ஒரு துளி மஞ்சள் ஒட்டியிருந்தது. இறுக்குகிற வாரைப் பிடித்தேன். இழுக்க வேண்டியதுதான் பாக்கி.

இழுக்க முடியவில்லை. தங்கக் கம்பியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நேர்ப்படுத்துகிற கை. பிள்ளை என்னைப் பார்த்தது. முன்னே மாதிரி சோர்ந்த பார்வை இல்லை. உதடு சிவப்பாக இருந்தது. ஐயோ சாமி, இந்த நெஞ்சின் மேலா என்று வாரை விட்டுவிட்டேன். "சரி, போதும்," என்றேன்.

தங்கை குனிந்து பிள்ளையின் தோளுக்கு மேல் வாரைக் கிள்ளிப் பார்த்தாள்.

"சிக்குது அண்ணே. இறுக்கு."

"நெஞ்சுலா..."

"நெஞ்சை அவங்க தைச்சுக் குடுத்துட்டாங்க. இறுக்கு."

நான் அசையவில்லை. அவள் என் கையை விலக்கினாள். வாரைப் பிடித்துத் தானே இழுத்தாள். நிதானமாக, ஒரே இழுப்பாக. பிள்ளை ஒருமுறை முனகியது, அழவில்லை. மறுபடி தோளில் கிள்ளிப் பார்த்தாள். சிக்கவில்லை. பிளாஸ்திரி தெரியாமல் பித்தானைப் போட்டுவிட்டு, சுற்றி வந்து பிள்ளைக்குப் பக்கத்தில் ஏறித் தன் பெல்ட்டையும் போட்டுக்கொண்டாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். பிள்ளையின் மேல் வைக்கவில்லை.

நான் முன்னால் ஏறி உட்கார்ந்தேன். காரைக் கிளப்பினேன். கண்ணாடியில் சீட்டின் முதுகும் அவள் முகமும் தெரிந்தன. அழுகையில் அதுவும் தெரியாமல் போயிற்று. துடைத்துக்கொண்டு கியரைப் போட்டேன்.

"அண்ணே," என்றாள் பின்னாலிருந்து. "நில்லு."

"என்னா? என்னா ஆச்சு அவளுக்கு?"

"அவளுக்கு ஒண்ணும் இல்ல. ஒன் பெல்ட்டு."

நான் போட்டிருக்கவில்லை.